வீட்டிலேயே கிடாருக்கு ஃபிரெட் மாற்றுவது: முதல் முறை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிடாரின் நெக்கில் (கழுத்தில்) குறுக்கே பதித்திருக்கும், தேய்ந்துபோன ஃபிரெட்டுகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கம்பி இறக்கும் வேலையை முதன்முதலாக வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்காக எழுதியது இது. எல்லா வகை கிடாரையும் ஒன்றாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் நான்கு திருகாணியில் கழன்று வரும் ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிடார் நெக், அதன்மேல் ஈட்டி மரப் பலகை, 25.5 அங்குல ஸ்கேல் (தந்தி அதிரும் நீளம்), 9.5 அங்குல ரேடியஸ் (பலகை மேல்பக்க வளைவின் ஆரம்), 22 ஃபிரெட் என்று ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிரெட் கம்பியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் குடைக்காளான் மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியும் வளைந்த மேல்பகுதி தலை. மரத்துக்குள் இறங்கும் மெல்லிய தகடு டாங். மரத்தைக் கவ்விக்கொள்ள டாங்கின் இரு பக்கமும் சின்னச் சின்ன முள் இருக்கும். டாங் உட்காரும் வெட்டைக் காடி என்றும், ஃபிரெட் போர்டைப் பலகை என்றும் சொல்கிறேன்.

ஃபிரெட்டை மாற்றியே தீர வேண்டுமா? தேய்த்து மட்டப்படுத்தினால் போதாதா?

நிறையப் பேருக்கு அதுவே போதும். ஓப்பன் கார்டு அதிகம் வாசிப்பவரின் கிடாரில் முதல் மூன்று ஃபிரெட்டுகளில், பி, இ தந்திகளுக்கு நேர் கீழே பள்ளம் விழுந்திருக்கும். 15-ஐத் தாண்டினால் ஃபிரெட்டெல்லாம் வாங்கின அன்று இருந்த மாதிரியே இருக்கும். வெர்னியரின் வால்கம்பியை வைத்து, பள்ளத்தின் அடியிலிருந்து பலகைவரை எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். புது ஃபிரெட் வகையைப் பொறுத்து 1.1 முதல் 1.4 மி.மீ. உயரம் இருக்கும். மிச்சம் 0.8 மி.மீ.க்கு மேல் என்றால், மற்ற ஃபிரெட்டுகளையும் அந்த மட்டத்துக்குத் தேய்த்துவிட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். 0.6, 0.7 என்று வந்துவிட்டால் விரல் நுனி மரத்தில் உரசும், பெண்ட் செய்யும்போது, அதாவது தந்தியைப் பக்கவாட்டில் தள்ளும்போது, அது வழுக்கும். அதற்குமேல் தேய்க்க அங்கே ஒன்றும் இல்லை.

முதல் ஐந்து ஃபிரெட்டை மட்டும் மாற்றினால் என்ன?

கைதேர்ந்தவர்கள் செய்வார்கள். புதுசு உயரமாகவும் பழசு தாழ்வாகவும் நிற்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று இசைய வைப்பதுதான் அதில் கஷ்டமான பகுதி. முதல் முறைக்கு முழுசாக மாற்றுவதே சுலபம் என்பது என் அபிப்பிராயம்.

எந்த கிடாரில் முதலில் கை வைப்பது?

கெட்டுப்போனாலும் தூக்கம் கெடாத கிடாரில். கழற்றக்கூடிய நெக், ஓரப் பட்டை ஒட்டாத பலகை, மேலே வார்னிஷ் பூசாத ஈட்டி மரம் என்று மூன்றும் சேர்ந்த மலிவான நெக் ஒன்றைப் பழைய சாமானாகத் தேடிப் பிடியுங்கள்.

மேப்பிள் பலகையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதன்மேல் இருக்கும் பூச்சு ஃபிரெட்டின் ஓரம்வரை ஏறியிருக்கும். பிடுங்கினால் பூச்சும் சேர்ந்து உரியும், பிறகு பூச்சு வேலை தனியாகப் படிக்க வேண்டும். கிப்சன் கம்பெனி கிடார் மாதிரி ஓரப் பட்டை உள்ள நெக்கில் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு முனையிலும் டாங்கைக் கத்தரித்து, தலையை மட்டும் பட்டையின்மேல் உட்கார வைக்க வேண்டும். அக்கூஸ்டிக்கில் நெக் கழலாது. 14-வது ஃபிரெட்டுக்கு அப்பால் பலகை உடம்போடு ஒட்டியிருப்பதால் அங்கே சுத்தியல் வேலைக்கு அடியில் தாங்கல் கிடையாது. தாத்தா காலத்து கிடார் கிடைத்திருக்கிறது என்றால் அதன் பக்கமே போகாதீர்கள்.

என்னென்ன சாமான் வேண்டும்? எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

இல்லை. ஹார்டுவேர் கடையிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும்.

பிடுங்குவதற்குத் தச்சர்கள் வைத்திருக்கும் ஆணி பிடுங்கும் குறடு போதும். ஆனால் அதன் வாய் வெளிப்பக்கம் சரிவாக இருக்கும். அப்படியே வைத்தால் ஃபிரெட்டின் அடியில் நுழையாது. பக்கத்துப் பட்டறையில் கொடுத்து, முகம் தட்டையாக வரும்படி கிரைண்டரில் தேய்த்து வாங்குங்கள். அடிக்கடி தண்ணீரில் முக்கித் தேய்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரும்பின் பதம் போய்விடும். இன்னொரு குறடு இருந்தால் வெட்டுவதற்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சூடேற்ற 40 முதல் 60 வாட் சால்டரிங் அயர்ன். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்ன் திணறும். அடிப்பதற்கு ஒரு பக்கம் பித்தளை அல்லது நைலான் முகம் உள்ள சின்னச் சுத்தியல். இரும்புச் சுத்தியல் ஃபிரெட்டின் தலையில் தழும்பு போடும். தட்டையான நீள அரம் ஒன்று, சின்ன முக்கோண அரம் ஒன்று, 120-லிருந்து 2000 வரை உப்புத்தாள், மாஸ்கிங் டேப், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நீர்த்த சூப்பர் குளூ.

காசு போட்டுத் தனியாக வாங்க வேண்டியவை நான்கு: 9.5 அங்குல ரேடியஸ் உள்ள உரசுகட்டை, உண்மையிலேயே நேராக இருக்கும் மட்டக்கோல், ஃபிரெட்டின் தலையை மறுபடி வளைவாக்கும் கிரவுனிங் அரம், காடியைச் சுத்தம் செய்யும் மெல்லிய ரம்பம். மட்டக்கோலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடையில் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இன்னொரு ஸ்கேலோடு ஓரம் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எத்தனை கோணல் என்று தெரியும்.

கம்பியில் எந்த உலோகம், எந்த அளவு?

உலோகத்தில் மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர், மஞ்சள் நிறத்தில் இருக்கும் செம்புக் கலவையான ஈவோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கம்பி தயாரிக்கும் ஜெஸ்கார் தரும் கடினக் கணக்கில் இவை சுமார் 200, 250, 300 என்று ஏறிக்கொண்டே போகும். கடினம் ஏற ஏற ஃபிரெட் நாள்பட உழைக்கும், உங்கள் அரமும் மணிக்கட்டும் அதே அளவுக்குத் தேயும். முதல் தடவை நிக்கல் சில்வர்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஓரம் தேய்க்க ஆரம்பித்துப் பாதியில் வெறுத்துப்போய் நெக்கை அலமாரியில் போட்டவர்கள் உண்டு.

அளவைப் பொறுத்தவரை, டன்லப் கம்பெனியின் 6105 என்ற கம்பி சுமார் 2.3 மி.மீ. அகலம், 1.4 மி.மீ. உயரம். பழைய ஃபெண்டர் பாணியில் மெல்லியதாக வேண்டுமென்றால் 6230, சுமார் 2 மி.மீ. அகலம், 1.1 உயரம். கற்றுக்கொள்ளும்போது உயரமான கம்பி நல்லது. மட்டப்படுத்தும்போது கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டாலும் மிச்சம் இருக்கும். நீளம் 22 ஃபிரெட்டுக்கு ஒன்றரை மீட்டர் போதும் என்று கணக்கு வரும். இரண்டு மீட்டர் வாங்குங்கள்.

பழைய ஃபிரெட்டை எடுக்கும்போது மரம் சேர்ந்து பெயர்ந்துவிடுமே?

பெயரும், அவசரப்பட்டால். காரணம் அந்த முட்கள்தான். மேல்நோக்கி இழுத்தால் முள் தன்னோடு காடியின் விளிம்பையும் கிளப்பிக்கொண்டு வரும். ஈட்டி, கருங்காலி இரண்டும் இந்த விஷயத்தில் நொறுங்கும் குணமுள்ள மரங்கள்.

முதலில் ஃபிரெட்டின் இரு ஓரத்திலும் பிளேடால் லேசாக ஒரு கோடு போடுங்கள். பிறகு எலுமிச்சை எண்ணெய் ஒரு சொட்டு, இல்லையென்றால் தண்ணீர், ஃபிரெட்டின் நீளத்துக்குத் தடவுங்கள். அயர்ன் நுனியில் கொஞ்சம் ஈயம் ஏற்றி, தலைமேல் வைத்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஈயம் இருந்தால்தான் சூடு சரியாக இறங்கும். இருபது விநாடி போனதும் ஃபிரெட்டின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும், பழைய பசை இருந்தால் நெடியும் வரும். அதுதான் சமயம். குறட்டின் தட்டை முகத்தைப் பலகையோடு ஒட்டி வைத்து, ஓரத்தில் வாயை மூடுங்கள். அவ்வளவுதான், தூக்க வேண்டாம். வாய் மூட மூட அதன் கூர்மை ஆப்பு போல இறங்கி ஃபிரெட்டைத் தானே அரை மி.மீ. கிளப்பும். விட்டுவிட்டு 2 மி.மீ. நகர்ந்து மறுபடி மூடுங்கள். இப்படியே அடுத்த ஓரம்வரை போய், தேவைப்பட்டால் திரும்பியும் வாருங்கள். ஒரு ஃபிரெட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆனால் சரியான வேகம்.

பழைய ஃபெண்டர் நெக்குகளில் ஃபிரெட்டை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் நுழைத்திருப்பார்கள். அவற்றைப் பக்கவாட்டிலேயே உருவ வேண்டும். நாம் பேசும் மலிவான நெக்கில் அந்தத் தொல்லை இல்லை.

எடுத்த ஃபிரெட்டுகளை ஒரு தெர்மாக்கோல் துண்டில் வரிசையாகக் குத்தி வையுங்கள். புதுக் கம்பி வெட்டும்போது நீளத்துக்கும், டாங்கின் கனத்தை ஒப்பிடவும் உதவும்.

சிராய் பெயர்ந்தே விட்டது. இப்போது?

பெயர்ந்த துண்டு கையில் இருந்தால், அதே இடத்தில் வைத்து ஊசி நுனியால் ஒரு துளி சூப்பர் குளூ விட்டு அழுத்துங்கள். துண்டு காணாமல் போயிருந்தால் பலகையைத் தேய்க்கும்போது வரும் மரத்தூளைச் சேர்த்து வையுங்கள். பள்ளத்தில் தூளை நிரப்பிப் பசையைச் சொட்டினால் கல் மாதிரி இறுகிவிடும். ஈட்டி மரம் நிறம் அடர்ந்தது, ஒட்டு தெரியாது. பெரும்பாலான சிராய் எப்படியும் புது ஃபிரெட்டின் தலைக்கு அடியில் மறைந்துவிடும். காடிக்குள் பசை ஒழுகி அடைத்துக்கொண்டால் மட்டும் ரம்பம் விட்டு எடுத்துவிட வேண்டும்.

ஃபிரெட்டுகளை எடுத்தாயிற்று. புதுசை அடித்துவிடலாமா?

இந்த இடத்தில்தான் வேலை கெடுகிறது. ஃபிரெட் மாற்றுவது என்றால் கம்பி அடிப்பது என்று நினைக்கிறோம். கம்பி அடிப்பது ஒரு மணி நேர வேலை. பலகையைச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை, அதற்கு ஒரு நாள் கொடுத்தாலும் தகும்.

காரணம் இதுதான். ஃபிரெட் பலகையின் மேல் உட்காருகிறது. பலகை எப்படியோ ஃபிரெட்டும் அப்படியே. 14-வது ஃபிரெட் பக்கம் பலகையில் 0.2 மி.மீ. மேடு இருக்கிறது என்று வையுங்கள். அதைக் கவனிக்காமல் கம்பி அடித்தால் அங்கே உள்ள ஃபிரெட்டுகளெல்லாம் 0.2 தூக்கி நிற்கும். கடைசியில் அந்த 0.2-ஐ உலோகத்தில்தான் தேய்த்தாக வேண்டும். ஆசையாக வாங்கின 1.4 மி.மீ. கம்பி வாசிக்கும் முன்னாலேயே 1.2 ஆகிவிடும், அதுவும் சில இடத்தில் மட்டும். அதே மேட்டை மரத்தில் எடுத்துவிட்டால் உலோகத்தில் தேய்க்க வேண்டியது மயிரிழை அளவுதான்.

செய்முறை: தந்தி இல்லாத நெக்கை மேசையில் வைத்து, மட்டக்கோலைப் பலகையின் நடுவிலும் இரு ஓரத்திலும் நீளவாக்கில் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, மட்டக்கோலுக்குப் பின்னால் ஒரு டார்ச்சை வைத்தால் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி) கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, முடிந்த அளவு நேராகக் கொண்டுவாருங்கள். ராடால் திருத்த முடியாமல் மிஞ்சும் கோணலைத்தான் உப்புத்தாளால் எடுக்க வேண்டும்.

பலகை முழுக்கப் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிறுக்குங்கள். உரசுகட்டையில் 220 தாளை ஒட்டி, நட் (நெக்கின் மேல் முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு) இருக்கும் முனையிலிருந்து அடி முனைவரை நீளமாக இழுங்கள். கையின் எடையே போதும், அழுத்தாதீர்கள். இரு முனையிலும் கட்டை பாதிக்கு மேல் வெளியே போகக் கூடாது. போனால் முனை சரிந்துவிடும். கோடு அழிந்த இடம் மேடு, அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடும் ஏறக்குறைய ஒன்றாக மங்கியதும் நிறுத்துங்கள். பிறகு 320, 400 தாளால் கீறலை நீக்கினால் போதும். கடைசிப் பென்சில் கோடு போகும்வரை விட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் மரம் மெலிந்துவிடும். 3, 5, 7-வது ஃபிரெட்டுகளின் இடத்தில் அடையாளத்துக்குப் பதித்திருக்கும் புள்ளிகளும் கனம் குறைந்தவைதான்.

வளைவையும் மறக்காதீர்கள். 9.5 அங்குல ரேடியஸில், நட் பக்கம் 42 மி.மீ. அகலமுள்ள பலகையின் நடு, ஓரத்தைவிட 0.9 மி.மீ. உயரமாக இருக்கும், அடியில் 52 மி.மீ. அகலத்தில் இது 1.4 மி.மீ. உரசுகட்டையைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்தாலும் ஒரு பக்கம் இந்த உயரம் குறைந்துவிடும். காம்பஸில் 241 மி.மீ. ஆரம் எடுத்து ஓர் அட்டையில் வளைவை வெட்டி வைத்துக்கொண்டு அவ்வப்போது பலகையில் வைத்துப் பாருங்கள்.

இதே சாக்கில் ரேடியஸையும் தட்டையாக்கிவிடலாமா?

முடியும். அடுத்த நெக்கில்.

காடியில் என்ன பார்க்க வேண்டும்?

ஆழம், அகலம், குப்பை. பலகையைத் தேய்த்த அளவுக்குக் காடி ஆழம் குறைந்திருக்கும். டாங்கின் உயரத்தைவிட 0.3 முதல் 0.5 மி.மீ. கூடுதல் ஆழம் வேண்டும். இல்லையென்றால் டாங் அடியில் முட்டிக்கொண்டு ஃபிரெட் உட்காராது. காடியின் அடியும் பலகையின் வளைவைப் பின்பற்ற வேண்டும் என்பதால் ஓரங்களில் ரம்பத்தைத் தாழ்த்திப் பிடியுங்கள். மரத்தூளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் துப்புரவாக எடுத்துவிடுங்கள்.

அகலத்தை ஃபீலர் கேஜ் தகடுகளை நுழைத்தே அளந்துவிடலாம். சாதாரணமாக 0.58 மி.மீ.க்குப் பக்கத்தில் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டாங் கொஞ்சம் கனமாக இருந்தால் ஒரு ஃபிரெட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 22 ஆப்புகளை ஒரே பலகையில் அடித்த மாதிரி ஆகி, நெக் பின்பக்கமாக வளைந்துவிடும். டிரஸ் ராடை முழுக்கத் தளர்த்தினாலும் நேராகாது. அப்படி இறுக்கமாகத் தெரிந்தால் காடியை ரம்பத்தால் ஒருமுறை கூடுதலாக இழுத்துவிடுங்கள். கம்பி கையால் அழுத்தினாலே பாதி நுழைந்தால் தளர்வு, அதற்குப் பசை இருக்கிறது.

கடைசியாக, முக்கோண அரத்தால் ஒவ்வொரு காடியின் மேல் விளிம்பிலும் இரண்டே இழுப்பு. விளிம்பு மழுங்கினால் ஃபிரெட் சுலபமாக இறங்கும். அடுத்த முறை பிடுங்குகிறவர் உங்களை வாழ்த்துவார், அது நீங்களாகவே இருந்தாலும்.

கம்பியை வளைத்துத்தான் அடிக்க வேண்டுமா?

ஆமாம். பலகையின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாக, அதாவது 9.5 பலகைக்கு 8 அங்குல ரேடியஸ் அளவுக்கு வளையுங்கள். அப்போது ஓரம் முதலில் மரத்தைக் கவ்வும், நடுவில் அடித்தால் கம்பி விரிந்து ஓரத்தை இன்னும் உள்ளே தள்ளும். வளைவு குறைவாக இருந்தால் ஓரம் எழும்பிக்கொண்டே இருக்கும். மூன்று உருளை வைத்த வளைக்கும் கருவி இருந்தால் சுகம். இல்லாவிட்டால் பிளையரின் வாயில் துணி சுற்றிக் கம்பியைச் சிறிது சிறிதாக வளைத்து, அட்டையில் வரைந்த வளைவோடு ஒப்பிடலாம்.

சுத்தியலா, பிரஸ்ஸா?

ஒரு நெக்குக்காகப் பிரஸ் வாங்க வேண்டாம். நெக்கின் அடியில் மணல் நிரப்பிய துணிப்பை ஒன்றை, அடிக்கும் இடத்துக்கு நேராக வையுங்கள். தாங்கல் இல்லாமல் அடித்தால் அடி முழுக்க நெக்கின் துள்ளலிலேயே போய்விடும்.

கம்பியை இரண்டு பக்கமும் 3, 4 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டி, காடியில் நிமிர்த்தி வையுங்கள். முதலில் ஒரு ஓரம், அடுத்து மறு ஓரம், பிறகு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி. ஓங்கி அடிப்பதைவிட உறுதியான சிறு தட்டுகள் நல்லது. காதைத் தீட்டி வையுங்கள்: ஃபிரெட் இன்னும் உட்காராதபோது ‘டங்’ என்று வெற்றிடத்தில் அடித்த ஓசை வரும், தலை மரத்தைத் தொட்டதும் அது ‘தொக்’ என்று கனத்துவிடும். ஓசை மாறிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தால் நடு அமுங்கி ஓரம் தூக்கும்.

ஓர் ஓரம் மட்டும் எழும்பிக்கொண்டே இருக்கிறது.

மூன்றில் ஒரு காரணம்: கம்பி போதுமான அளவு வளையவில்லை, காடியின் ஓரம் ஆழம் பத்தவில்லை, அல்லது திரும்பத் திரும்ப அடித்ததில் முட்கள் பிடித்த மரம் தளர்ந்துவிட்டது. முதல் இரண்டுக்கும் ஃபிரெட்டைக் கழற்றி, காரணத்தைச் சரிசெய்து, புதுத் துண்டு போடுங்கள். கழற்றிய கம்பியை மறுபடி அடிக்காதீர்கள், அது நெளிந்திருக்கும். மூன்றாவதற்குத் தலைக்கு அடியில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு, மரத்துண்டு வைத்துக் கிளாம்ப் போட்டு சில நிமிடம் விடுங்கள். எல்லா ஃபிரெட்டும் அடித்த பிறகு ஓரங்களில் ஒரு துளி பசை விடுகிறவர்களும் உண்டு, நல்ல பழக்கம்தான். ஆனால் பக்கத்தில் பலகைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், பூச்சில்லாத ஈட்டியில் சிந்திய பசை வெள்ளையாகக் கறை விடும். மூக்கையும் கண்ணையும் தள்ளி வையுங்கள், அந்த ஆவி எரியும்.

ஓரங்களை எப்படி வெட்டுவது?

நீட்டிக்கொண்டிருப்பதைக் குறட்டால் ஒட்ட வெட்டி, தட்டை அரத்தை நெக்கின் பக்கவாட்டில் செங்குத்தாகப் பிடித்து, மரத்தின் பூச்சைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் 35 பாகையில் சாய்த்து எல்லா முனையையும் ஒரே சரிவாக்குங்கள். ஒரு மரக்கட்டையில் 35 பாகைக்கு வெட்டுப் போட்டு அரத்தைச் செருகினால் கோணம் தானாக நிற்கும். சரிவை அதிகமாக இழுத்தால் வெளி ஓர இ தந்தி ஃபிரெட்டைவிட்டு நழுவும். கடைசியில் ஒவ்வொரு முனையின் இரண்டு கூர்மூலையையும் சின்ன அரத்தால் உருட்ட வேண்டும். 22 ஃபிரெட்டுக்கு 88 மூலை. சலிப்பான வேலைதான், ஆனால் வாசிக்கிறவரின் கை முதலில் தொட்டுப் பார்ப்பது இதைத்தான்.

மட்டப்படுத்துவதும் தலையை வளைப்பதும் எப்படி?

பலகையை ஒழுங்காகத் தேய்த்திருந்தால் இது சின்ன வேலை. நெக்கை மறுபடி நேராக்கி, பலகை முழுக்க டேப் ஒட்டி, ஒவ்வொரு ஃபிரெட்டின் தலையிலும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். நேரான நீளக் கட்டையில் 320 அல்லது 400 தாள் ஒட்டி, தந்தி போகும் திசையில் இழுங்கள். எல்லாத் தலையிலும் மை தொடப்பட்டிருந்தால் நிறுத்தலாம். ஏதாவது ஒன்றில் மை போகவே இல்லை என்றால் அது தாழ்வாக இருக்கிறது. அதன் பக்கத்து ஃபிரெட் சரியாக உட்காராமல் எழும்பி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் தட்டி உட்கார வைத்தாலே விஷயம் முடிந்துவிடலாம்.

தேய்த்த தலை தட்டையாக இருக்கும். மறுபடி மை பூசி, கிரவுனிங் அரத்தால் இரு பக்கமும் எடுத்து, நடுவில் நூல் அளவு மைக்கோடு மட்டும் மிஞ்சும்வரை வளையுங்கள். அந்தக் கோட்டை அழிக்காதீர்கள். அழித்தால் அந்த ஃபிரெட் தாழ்ந்துவிட்டது என்று பொருள். பிறகு 600, 1000, 1500, 2000 தாள், கடைசியில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் பிராஸோ. டேப் இருக்கும்போதே போடுங்கள், இல்லையென்றால் அதன் வெள்ளைப் பொடி ஈட்டி மரத்தின் துளைகளில் தங்கிவிடும். இரும்புப் பஞ்சு போட்டால் நெக்கைக் கழற்றிய நிலையில் போடுங்கள்; அதன் தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஓப்பன் தந்தி மட்டும் முதல் ஃபிரெட்டில் உரசுகிறது.

நட் பழசு, ஃபிரெட் புதுசு. ஃபிரெட் அரை மி.மீ. உயர்ந்தால் நட்டின் பள்ளம் அந்த அளவுக்குத் தாழ்ந்த மாதிரி. இரண்டாவது, மூன்றாவது ஃபிரெட்டுகளுக்கு நடுவில் தந்தியை அழுத்திவிட்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல் இடைவெளி பாருங்கள், 0.1 மி.மீ. தகடாவது நுழைய வேண்டும். தற்காலிகமாக, பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி சூப்பர் குளூ சொட்டி நிரப்பி, மறுபடி அரத்தால் பள்ளம் வெட்டலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால் எலும்பில் புது நட்.

சென்னை மாதிரி ஊரில் ஈரம் இடைஞ்சல் செய்யுமா?

செய்யும். மரம் ஈரத்தில் அகலவாக்கில் உப்பும், வறட்சியில் சுருங்கும். உலோகம் அப்படியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓரங்களை ஒட்ட மழித்து வைத்துவிட்டு, கிடாரை எப்போதும் ஏசி ஓடும் அறைக்கோ டெல்லிக் கோடைக்கோ கொண்டுபோனால், பலகை சுருங்கி ஃபிரெட் முனைகள் நீட்டிக்கொண்டு கையைப் பிறாண்டும். கிடார் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அங்கே நெக்கைச் சில நாள் வைத்திருந்து, அப்புறம் ஓரம் தேயுங்கள்.

வீணைக்கு மேளம் கட்டுபவரிடம் கொடுக்கலாமா?

நல்ல கேள்வி. ஆனால் அது வேறு கலை. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பவை; மேளம் கட்டுகிறவர் மெழுகை இளக்கி, காதால் சுருதி கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி வைக்கிறார். கிடாரில் இடம் ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. 25.5 அங்குல ஸ்கேலில் நட்டிலிருந்து முதல் ஃபிரெட் 36.4 மி.மீ., அதை நாம் அசைப்பதில்லை. அவரிடம் கிடாரைக் கொடுப்பதில் அர்த்தமில்லை. அவர் வேலை செய்வதை ஒருநாள் உட்கார்ந்து பார்ப்பது வேறு விஷயம். காதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

இதில் காசு மிச்சமாகுமா?

ஒரே ஒரு கிடாருக்காக என்றால் ஆகாது. கருவிகளின் விலை ஒரு நல்ல கடையில் கொடுக்கும் கூலியைத் தாண்டிவிடும். இரண்டு மூன்று கிடார் வைத்திருக்கிறீர்கள், நண்பர்களிடமும் இருக்கிறது என்றால் கணக்கு மாறும். நேரத்தைப் பொறுத்தவரை முதல் முறைக்கு ஒரு வார இறுதி போதாது, இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

தூசியால் தொல்லை உண்டா?

ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். தேய்க்கும்போது நல்ல முகமூடி போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். வெட்டிய ஃபிரெட் முனை துள்ளிப் பறக்கும், அதனால் கண்ணாடி கட்டாயம். வேலை முடிந்ததும் தரையைக் காந்தத்தை நம்பிப் பெருக்காதீர்கள், நிக்கல் சில்வர் காந்தத்தில் ஒட்டாது. விளக்குமாறுதான்.

தந்தி கட்டியவுடன் என்ன செய்வது?

10-46 கனமுள்ள தந்திகள் சுருதி கூட்டியதும் நெக்கை ஏறக்குறைய 45 கிலோ விசையில் இழுக்கும். ஒரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு முதல் ஃபிரெட்டில் கேபோ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி, 8-வது ஃபிரெட் பக்கம் 0.25 மி.மீ. இடைவெளி வரும்படி டிரஸ் ராடைத் திருப்புங்கள். அதன்பின் சேடில் (உடம்புப் பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) உயரம், அதன்பின் இன்டோனேஷன் (எல்லா ஃபிரெட்டிலும் சுருதி சரியாக நிற்கச் செய்வது). இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்ய வேண்டி வரும். எங்காவது ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் உரசல் கேட்டால் ராடைத் தொடாதீர்கள். அதற்கு அடுத்த ஃபிரெட்டின் தலையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் அது கொஞ்சம் எழும்பியிருக்கும்.